கோப்புக்குள் இருக்கும் ஒரு வரி

நாளிதழில் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்போம்! ஒரு பக்கம் துணைவேந்தர், மறுபக்கம் நிறுவனத்தின் அதிகாரி. இருவர் கையிலும் ஒரு கோப்பு; கேமராவைப் பார்த்தபடி மாற்றிக்கொள்கிறார்கள். தோளில் பொன்னாடை, பின்னால் பேனர். படத்துக்குக் கீழே, புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது என்று இருக்கும். எத்தனை கோடி, எத்தனை ஆண்டு, எத்தனை மாணவர்கள் பயன்பெறுவார்கள் என்பதெல்லாம் செய்தியில் வரும். கோப்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் வராது. அதை யாரும் கேட்பதுமில்லை.

பகுத்தறிவாளர்களாகிய நாமும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். நமக்கு ஒரு பாடம் உண்டு: சொன்னவர் யார் என்று பார்க்காதே, சொன்னது என்ன என்று பார். சாதியையும் பதவியையும் காவியையும் பார்த்து ஒருவரின் சொல்லுக்கு எடை போட்ட சமூகத்தில் அந்தப் பாடம் பெரிய விடுதலை. அதை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அது பாதி அறிவு. சொன்னதை உரசிப் பார்க்கலாம். சொல்லாமல் விட்டதை எந்த உரைகல்லில் உரசுவது?

வேண்டுதல் பலித்தவர்கள் மணி கட்டிவிட்டுப் போகும் கோயில்கள் நம் பக்கம் உண்டு. நூற்றுக்கணக்கில் தொங்கும். ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் ஓர் உண்மைக் கதை இருக்கிறது. பிள்ளை பிறந்தது, வழக்கு ஜெயித்தது, நோய் தீர்ந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வேண்டிக்கொண்டும் பிள்ளை பிறக்காதவள் கட்டுகிற மணி என்று ஒன்று அங்கே இல்லை. அவள் வெறுங்கையோடு வீட்டில் இருக்கிறாள். தனித்தனியாக உண்மையாய் இருக்கும் ஆயிரம் மணிகள் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்ல முடியும் என்று நாம் மேடை மேடையாகப் பேசியிருக்கிறோம். அதே நாம், "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைக் கேட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறோம். அந்த ஆய்வகத்தில் கட்டப்படாத மணிகள் எத்தனை என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அப்படிக் கேட்காததற்கு உலகம் கொடுத்த விலைகளில் மிகப் பெரியது ஈயப் பெட்ரோல்.

1921 டிசம்பரில், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தால் கார் எஞ்சினில் கேட்கும் தட்டல் ஓசை நின்றுவிடுகிறது என்று கண்டார். 1923இல் விற்பனை தொடங்கியது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்துப் பேவே ஆலையில் அந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, கட்டிப்போட வேண்டிய நிலைக்குப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஈயம் நஞ்சு என்பது அப்போது புதிய செய்தி இல்லை. ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி.

1925 மே மாதம் வாஷிங்டனில் அரசு ஒரு மாநாடு கூட்டியது. ஹார்வர்டின் முதல் பெண் ஆசிரியரும் தொழிற்சாலை நோய்களை ஆராய்ந்தவருமான ஆலிஸ் ஹாமில்டன், இந்த ஆபத்து ஆலையோடு நிற்காது என்று அங்கே எச்சரித்தார். அடுத்து அமைக்கப்பட்ட குழு சில மாதங்களே ஆராய்ந்தது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்றது. கூடவே, நெடுங்கால விளைவுகள் தெரியவில்லை, அரசு தன் பணத்தில் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றும் எழுதியது. இந்த இரண்டாம் பகுதியை யாரும் நிறைவேற்றவில்லை. அரசு பணம் ஒதுக்காத இடத்தில், பணத்தோடு வந்து நின்றது ஈயம் விற்ற நிறுவனம்.

1930இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கெட்டரிங் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பணம் அந்த ஈயச் சேர்மத்தை விற்ற எத்தில் நிறுவனத்துடையது, ஜெனரல் மோட்டார்ஸ், டுபான்ட் நிறுவனங்களுடையது. பெயரும் எத்தில் நிறுவனத்தின் முதல் தலைவர் சார்லஸ் கெட்டரிங்குடையது. இயக்குநர் டாக்டர் ராபர்ட் கேஹோ. அவரே எத்தில் நிறுவனத்தின் மருத்துவ இயக்குநரும்கூட. பல்கலைக்கழகமும் தொழில் துறையும் கைகோத்த முன்மாதிரி என்று இன்றைக்குப் பாராட்டுவோமே, அதேதான்.

அந்த ஆய்வகம் நிதி தருபவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வாசகம் பிற்பாடு வெளியே வந்தது. பொதுநலனுக்காக முடிவுகளைப் பரப்பும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்று அது தொடங்குகிறது. நல்ல தொடக்கம். அடுத்து ஓர் "ஆனால்" வருகிறது. வெளியிடுவதற்கு முன் கையெழுத்துப் படியை நிதி தந்தவரிடம் கொடுத்து அவருடைய விமர்சனத்தையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். அவர் இரகசியமாகத் தந்த தகவலை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது. படித்துப் பாருங்கள், மிரட்டல் எதுவும் இல்லை. மிக நாகரிகமான மொழி. நாற்பது ஆண்டுக்கால மௌனம் இவ்வளவு நாகரிகமான ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

கேஹோ எண்களைத் திரித்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அளந்ததை அளந்தபடியே எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். என் குற்றச்சாட்டு அதைவிடக் கடுமையானது. அவர் கேள்வியை விற்றார். ஈய ஆலையில் வேலை செய்யும் வளர்ந்த ஆண்களை அளந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் எடுத்துக்கொண்டவர்களில் அதே ஆலையில் வேறு வேலை செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் உடம்பிலும் ஈயம் இருந்தது. மெக்சிகோவின் ஒரு சிற்றூருக்குப் போனார். கார் இல்லாத ஊர். அங்கிருந்தவர்கள் உடம்பிலும் ஈயம் இருந்தது. அவர்கள் சமைத்து உண்ட மண் பாத்திரங்களின் பளபளப்பே ஈயப் பூச்சுதான். ஆனால் அவர் எடுத்த முடிவு வேறு: ஈயம் எல்லார் உடம்பிலும் இருக்கிறது, ஆகவே அது இயற்கை, ஓர் எல்லை வரை உடம்பு தாங்கும், எல்லையைத் தாண்டி யாராவது விழுந்தால் காட்டுங்கள், பார்க்கலாம்.

எங்கும் இருக்கிறது, ஆகவே இயற்கை. இந்த வாதத்தை நாம் வேறெங்கே கேட்டிருக்கிறோம்? சாதிக்கு இதைத்தான் சொன்னார்கள். பெண் அடுப்படியில் இருப்பதற்கும் இதைத்தான் சொன்னார்கள். அங்கே உடனே எழுந்து நின்று மறுத்த நாம், வெள்ளை அங்கி அணிந்தவர் எண்களோடு அதையே சொன்னபோது குறிப்பெடுத்துக்கொண்டோம்.

கேஹோ கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சாலையோரம் மண்ணில் விளையாடி, விரலை வாயில் வைக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு என்ன ஆகும்? அந்தக் கேள்வியை 1970களில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் கேட்டார். விழுந்த பால்பற்களைச் சேகரித்து, ஈயம் அதிகமிருந்த பற்களுக்குரிய பிள்ளைகளின் அறிவுத்திறனும் கவனமும் குறைந்திருப்பதை 1979இல் காட்டினார். பால்பல் எல்லாக் காலத்திலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

கேஹோவின் கோட்டையில் முதல் விரிசலை உண்டாக்கியவர் மருத்துவரே அல்ல. பூமியின் வயதை அளந்தவர். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை வைத்து, பூமிக்கு 455 கோடி ஆண்டு வயது என்று 1956இல் நிறுவினார். அந்த அளவை எடுக்க முயன்றபோது அவரைப் படாத பாடு படுத்தியது, ஆய்வகத்தில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஈயம். தரையிலும் காற்றிலும் தலைமுடியிலும் ஈயம். துடைத்துத் துடைத்து, கடைசியில் தூசு புகாத அறையையே கட்டினார். பிறகு கடலை அளந்தார். ஆழத்தில் குறைவு, மேற்பரப்பில் அதிகம். அப்படியானால் இந்த ஈயம் அண்மையில் வந்து விழுந்தது. 1965இல் எழுதினார்: அமெரிக்கர் உடம்பில் இருக்கும் ஈயம் இயற்கை அளவைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. வழக்கமாகக் காணப்படுவது வேறு, இயற்கை வேறு.

தொழிற்பணத்தை எதிர்ப்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. பேட்டர்சனின் ஆய்வுக்கும் எண்ணெய் நிறுவனங்களின் பணம் வந்தது. அமெரிக்க பெட்ரோலியக் கழகம் அவருக்கு நிதி தந்து வந்தது. கட்டுரை வெளிவந்த பிறகு அந்த ஒப்பந்தம் நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவில், அத்துறையில் உலகில் முன்னணியில் இருந்த அவருக்கு இடமில்லை. ஆனாலும் வெளிவந்த கட்டுரையை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. ஆகவே பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு கேள்வியை முடித்துக்கொள்கிறவர்கள் தவறான இடத்தில் நிற்கிறார்கள். இருவர் பணமும் ஒரே உலகத்திலிருந்துதான் வந்தது. ஒருவரிடம் அந்தப் பணம் ஆய்வை மட்டும் நடத்தியது. இன்னொருவரிடம் அவருடைய வாயையும் சேர்த்து நடத்தியது.

அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1996இல். இந்தியாவில் 2000இல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையிலும் மதுரையிலும் பேருந்து நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகள் மூச்சில் இழுத்தது சின்சினாட்டியின் அந்த நாகரிகமான வாக்கியத்தையும் சேர்த்துத்தான். இதை எழுதும் எனக்கும், என் வயதொத்த உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பழைய கதை, இப்போது அப்படி இல்லை என்பவர்களுக்காக ஒன்று. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருந்தியலாளர் பெட்டி டோங், சிந்த்ராய்டு என்ற தைராய்டு மாத்திரையை அதைவிட மலிவான மாத்திரைகளோடு ஒப்பிட, 1987இல் அதைத் தயாரித்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். எல்லாம் ஒன்றுதான் என்று முடிவு வந்தது. மலிவானதைக் கொடுத்தால் நாட்டுக்கு ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று அவரது கட்டுரை கணக்கிட்டது. அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழ் அதை ஏற்றது; அச்சுக்கும் போகவிருந்தது. 1995 ஜனவரியில் அவரே திரும்பப் பெற்றார். நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வழக்கு வந்தால் தனியாகத்தான் நிற்க வேண்டும் என்றது பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு. கட்டுரை வெளிவந்தது 1997 ஏப்ரலில். இடைப்பட்ட காலமெல்லாம் நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே வரிதான்.

இவை நிறுவனங்களோடு சேர்ந்து நடந்த ஆய்வுகள். இனி மக்களோடு சேர்ந்து நடந்த ஆய்வுக்கு வருகிறேன். அதற்கும் ஈயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊரான மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழ்ந்த அந்த ஊரில், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் ஊரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீர் எங்கள் உதிரிப்பாகங்களை அரிக்கிறது என்று வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. அனுமதியும் கிடைத்தது. இரும்பை அரித்த தண்ணீரை மனிதர்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். எனக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் கடந்து போக முடியவில்லை. எத்தனை முறை எழுதினாலும் கை நிற்கிறது.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றது அரசு, கையில் ஆய்வு எண்களோடு. அந்த எண்கள் எப்படி வந்தன? மாதிரி எடுப்பதற்கு முந்தைய இரவே குழாயைச் சிறிது நேரம் திறந்து விடச் சொன்னார்கள்; குழாயில் சேர்ந்திருந்த ஈயம் ஓடிப்போய்விடும். சேர்ந்த 71 மாதிரிகளில் இரண்டை விலக்கினார்கள். சட்ட வரம்பு மீறப்படவில்லை என்று ஆனது. விலக்கப்பட்டவற்றில் ஒன்று லீஆன் வால்டர்ஸ் என்ற தாயின் வீட்டுத் தண்ணீர். அப்போதைய விதிப்படி லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அவர் வீட்டில் முதலில் 104, பிறகு 397. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் சோதித்தபோது ஒரு மாதிரியில் 13,200. அபாயகரக் கழிவு என்று சட்டம் வகைப்படுத்தும் அளவே 5,000தான்.

2015 ஆகஸ்டில் எட்வர்ட்ஸ் குழு 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. ஊர் மக்களே வீடு வீடாகப் போய் எடுத்து, 250க்கும் மேல் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று குப்பிகள். ஒன்று குழாயைத் திறந்ததும், ஒன்று முக்கால் நிமிடம் கழித்து, ஒன்று இரண்டு நிமிடம் கழித்து. இந்த மூன்று குப்பிகளில்தான் எல்லாம் இருக்கிறது. குழாயை முன்கூட்டித் திறந்து விடாமல் பிடித்த முதல் குப்பியை அவர்கள் கேட்டு வாங்கினார்கள். செப்டம்பரில் முடிவுகளை உடனுக்குடன் வெளியே வைத்தார்கள். அதே மாதம் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டீஷா, ஊர்ப் பிள்ளைகளில் இரத்தத்தில் ஈயம் கூடியவர்களின் விகிதம் ஏறக்குறைய இரு மடங்கானதைக் காட்டினார். அக்டோபர் 16 அன்று தண்ணீர் மாற்றப்பட்டது.

இங்கே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கதை நிற்கவில்லை. 2016இலிருந்து ஈய அளவு இறங்கி வருகிறது என்று அதே எட்வர்ட்ஸ் சொன்னார். ஏமாற்றப்பட்ட ஊர் அதை நம்பத் தயாராக இல்லை. நேற்றைய தோழர்கள் சிலர் அவருக்கு எதிராகக் கடிதம் எழுதினார்கள். அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். வழக்கு 2019இல் தள்ளுபடியானது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்வது இதுதான்: முடிவைத் தடுக்கும் உரிமை நிறுவனத்திடம் இருக்கக் கூடாது என்றால், மக்களிடமும் இருக்கக் கூடாது. நஞ்சைக் குடித்தவர்களுக்குக் கேள்வி கேட்கும் முதல் உரிமை உண்டு. எங்கே அளப்பது, எந்தக் குப்பியில் பிடிப்பது என்று சொல்லும் உரிமை உண்டு. பதிலை முடிவு செய்யும் உரிமை இல்லை. நம் பக்கத்து மனிதர்களிடம் இதைச் சொல்லத் துணிவில்லாதவர் எத்தில் நிறுவனத்தைக் கண்டிக்கும் தகுதியை இழக்கிறார்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தவரின் சம்மதத்துக்குப் பிறகே வெளியிடலாம் என்ற வரியில் கையெழுத்திடும் பேராசிரியர், அதற்குப் பிறகு அவர் எழுதும் ஒவ்வோர் எண்ணும் உண்மையாக இருந்தாலும், பொய்க்குத் துணைபோனவரே. அந்த வரியை அனுமதிக்கும் பல்கலைக்கழகம் தன் பெயரை வாடகைக்கு விட்டிருக்கிறது. நிறுவனம் வாங்குவது ஆய்வை அல்ல. ஆய்வை அது சொந்தச் சம்பள ஆட்களை வைத்தே செய்துகொள்ள முடியும். அது வாங்குவது நாம் பல்கலைக்கழகத்தின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையை. அது துணைவேந்தரின் சொத்து இல்லை. வயலை விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்களின் சொத்து.

பணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனைக் கருவிக்கும் ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கும் காசு வேண்டும். 2019இலிருந்து நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்குத் தரவும் சட்டம் இடம் தந்திருக்கிறது. வரட்டும். தொடங்கிய ஆய்வுகள் எல்லாம் தொடங்கிய அன்றே பொதுப் பதிவேட்டில் ஏறட்டும். முடிவு வராத ஆய்வு எது என்று எவரும் எண்ணிப் பார்க்க முடியட்டும். வெளியிடும் உரிமை எந்நிலையிலும் ஆய்வாளரிடமே இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதட்டும். இதை ஏற்காத நிறுவனத்தின் பணத்தைத் திருப்பி அனுப்பினால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டடம் குறையும். குறையட்டும்.

அடுத்த முறை நாளிதழில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். அது அரசுப் பல்கலைக்கழகம் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். வணிக இரகசியம் என்று மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அந்த மறுப்பு நிற்காது என்று அதே சட்டம் சொல்கிறது, மேல்முறையீடு செய்யுங்கள். எத்தனை கோடி என்று கேட்க வேண்டாம், அதை அவர்களே சொல்லிவிட்டார்கள். இந்த ஆய்வின் முடிவு நிறுவனத்துக்குப் பாதகமாக வந்தால் அதை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள்.